எர்த்

சாவியைத் திருப்பினேன். டக்.
ஒரே ஒரு டக்.
பின்னால் பெட்டி, பெட்டிக்குள் ஜும்பேர், ஐம்பத்தெட்டு வயது.
வெளியே ஈர மார்ச்சில்
கறுப்புக் கோட்டுடன் ஓனி ஊரில் பாதி.

பாதிரியார் தூபக்கலசம் ஆட்டுவதை நிறுத்தினார்.
மறுபடி திருப்பினேன். டக்.

பதினாறு வருடமாகச் சவ வண்டி ஓட்டுகிறேன்.
யாரும் என்னிடம் வேகம் கேட்டதில்லை.
புறப்படச் சொன்னால் புறப்பட வேண்டும்,
அது ஒன்றுதான் வேலை.

"பேட்டரி செத்துப்போச்சு," என்றான் பத்ரி.
சொன்ன பிறகுதான் சொல் காதில் விழுந்து
தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.
செல்ஃப் மோட்டாரைச் சுத்தியலால் தட்டச் சொன்னார் ஒருவர்.
பெட்ரோல் இருக்கா பார், என்றார் இன்னொருவர்.
எழவு வீட்டில் எத்தனை மெக்கானிக்குகள்!
ஆறு பேர், பெட்டிக்குக் கொடுத்த அதே தோளை
வண்டிக்கும் கொடுக்க வந்தார்கள்:
ரியோனி வரைக்கும் இறக்கம்தானே, தள்ளினால் பிடித்துக்கொள்ளும்.

"வேண்டாம்," என்றாள் லமாரா.
காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.
"அவரைப் பிடிச்சுத் தள்ளினதா இருக்க வேண்டாம்."
பிறகு, "லைட்டைப் போடு."

போட்டேன்.
கறுப்பு முக்காட்டோடு வண்டிக்கு நேர் எதிரே நின்றாள்.
சாம்பிராணிப் புகைக்குள் இரண்டு மஞ்சள் தடிகள்
அவள் வயிற்றில் முட்டின.
"இப்பத் திருப்பு."
டக்.
"கண்ணைச் சிமிட்டுச்சு. மங்கல."

மங்கியிருந்தால் பேட்டரி என்று விட்டிருப்போம்.
படபடவென்று அடித்திருந்தாலும் அதேதான்.
இது வேறு. உள்ளே எல்லாம் இருக்கிறது,
வாசலைத்தான் தாண்ட மாட்டேன் என்கிறது.

பழக்க தோஷத்தில் சோக்கை இழுத்தேன்.
விரல் சுட்டது.
ஆறு டிகிரிக் குளிரில், ஓடாத எஞ்சினில்,
சோக் கம்பி எதற்காகச் சுட வேண்டும்?
தூபத்துக்கு நடுவே பிளாஸ்டிக் கருகும் வாசனையும்.

அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை.
இருக்கிற ஒரே நல்ல பேண்டோடு
சேற்றில் படுத்து வண்டிக்கடியில் போனேன்.
எஞ்சினையும் சேசிஸையும் கட்டும் எர்த் பட்டை
பச்சை பூத்து, மூன்று இழையில் தொங்கியது.
அகல வழி அடைபட்டதும்
அத்தனை கரண்டும் திரும்பி வர
அந்த மெல்லிய சோக் கம்பியைப் பிடித்திருக்கிறது.

ஜம்பர் கேபிள் ஒன்று போதும்.
என்னிடம் இல்லை. எழவுக்கு யார் கேபிள் எடுத்து வருவார்?
"அவர் நீவாவுல இருக்கு, டிக்கியில."
நீவா முற்றத்தில்தான் நின்றது, பூட்டியபடி.
"சாவி?"
லமாரா பெட்டியைப் பார்த்தாள்.

விடியற்காலையில் அவள்தான் வைத்தாளாம்,
மூக்குக்கண்ணாடியோடு, கோட்டின் இடது பையில்.

பின்கதவைத் திறந்து ஏறினாள்.
நாங்கள் எல்லோரும் ரியோனியைப் பார்த்தோம்.
பத்ரி ஒன்றுமில்லாத மரத்தைப் பார்த்தான்.
ஒரு சாவி எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.
யாரும் திரும்பவில்லை.

கறுப்புக் கிளிப்பு பேட்டரியின் மைனஸில்,
மறுமுனை எஞ்சினில், துரு சுரண்டிய வெறும் இரும்பில்.
"திருப்பு," என்றாள்.
பாதி சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.
அத்தனை இரைச்சலைக் கேட்டுப்
பாதிரியார் சிலுவைக்குறி போட்டார்.

பானெட் மூடவில்லை.
மலர்வளையத்து ரிப்பனால் அதைக் கட்டினோம்.
"மறக்க மாட்டோம்" என்ற தங்க எழுத்து
காற்றில் படபடக்க, கல்லறை வரை
நான் எஞ்சினை அணைக்கவேயில்லை.
குழியருகே பாட்டும் ஒயினும் ரொட்டியும் முடியும்வரை
வண்டி உறுமிக்கொண்டு நின்றது, மன்னிக்கவும்.

சாவி திரும்பக் கோட்டுப் பைக்குப் போனதா?
நான் கவனிக்கவில்லை, கேட்கவும் முடியாது.

ஒன்பதாம் நாள் புதுப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.
கொட்டகை வாசலில் நீவா வந்து நின்றது,
சீட்டை முன்னால் இழுத்துப் போட்டு,
கண்ணாடியை அவள் உயரத்துக்குத் திருப்பி.
"கேபிள்," என்று கை நீட்டினாள் லமாரா,
எஞ்சினை அணைக்காமல்.